கிரெடிட் கார்டா, டெபிட் கார்டா? அன்றாடச் செலவுக்கு எதைத் தேய்ப்பது

இந்த இரண்டு கார்டுகளையும் ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேஷ்பேக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். எதில் எவ்வளவு பாயின்ட், எதற்கு ஆண்டுக் கட்டணம் இல்லை, எதில் சேர்ந்தவுடன் பரிசு என்று பேச்சு அங்கேயே சுற்றுகிறது. என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: உங்கள் கார்டை யாரோ திருட்டுத்தனமாகப் பயன்படுத்திவிட்டார்கள், அல்லது கடையில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது, அல்லது பணம் கட்டிய பொருள் வந்து சேரவே இல்லை. அந்தத் தகராறு தீரும்வரை யாருடைய பணம் மாட்டிக்கொண்டு நிற்கும்? டெபிட் கார்டு என்றால் உங்களுடையது. கிரெடிட் கார்டு என்றால் வங்கியுடையது.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதா மாதம் பில் தொகை முழுவதையும் சல்லிக்காசு பாக்கி வைக்காமல் கட்டுகிறவர்களுக்கு அன்றாடச் செலவுக்கும் கிரெடிட் கார்டே மேல். அப்படிக் கட்ட முடியாதவர்கள், கட்ட முடியுமா என்று தங்களுக்கே சந்தேகம் இருப்பவர்கள், டெபிட் கார்டோடு இருந்துவிடுவது நல்லது, ஏனென்றால் அவர்கள் கொடுக்கப்போகும் வட்டியை எந்தச் சலுகையும் ஈடுகட்டாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தேய்த்தவுடன் என்ன நடக்கிறது

கடையின் மெஷினில் கார்டைத் தேய்க்கிறீர்கள், அல்லது தொடுகிறீர்கள். "இவரிடம் இவ்வளவு இருக்கிறதா?" என்ற கேள்வி விசா, மாஸ்டர்கார்டு போன்ற ஒரு நெட்வொர்க் வழியாக உங்கள் வங்கிக்குப் போகிறது. வங்கி சரி என்றதும் அந்தத் தொகை ஒதுக்கி வைக்கப்படுகிறது. கடைக்காரர் கைக்குப் பணம் போய்ச் சேருவது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான். இதுவரை இரண்டு கார்டுக்கும் ஒரே கதை. வித்தியாசம் எதிலிருந்து ஒதுக்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. டெபிட்டில் உங்கள் கணக்கில் இருக்கும் நிஜப் பணத்திலிருந்து. கிரெடிட்டில் வங்கி உங்களுக்கு அனுமதித்திருக்கும் கடன் லிமிட்டிலிருந்து.

சாதாரணமாகக் கடையில் சாமான் வாங்கும்போது இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. ஓட்டலில் அறை எடுக்கும்போதும், வாடகைக்குக் கார் எடுக்கும்போதும், சில நாடுகளில் ஆளில்லாத பெட்ரோல் பம்பில் எண்ணெய் போடும்போதும் நன்றாகப் படும். இங்கெல்லாம் கடைசியில் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டித் தெரியாததால், ஒரு பெரிய தொகையை முதலிலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். எல்லாம் முடிந்த பிறகு அசல் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுவிப்பார்கள். அந்த விடுவிப்பு உடனே நடப்பதில்லை, சில நாள் ஆகலாம், சில நேரம் ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். கிரெடிட் கார்டில் அந்த நாட்களில் உங்கள் லிமிட் கொஞ்சம் குறைந்து தெரியும், அவ்வளவுதான். டெபிட் கார்டில் அது வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணமாக இருக்கலாம். அந்த வாரத்தில் ஒரு தவணை கணக்கிலிருந்து தானாக எடுக்கப்பட இருந்தால், கணக்கில் பணம் இருந்தும் இல்லை என்று திரும்பிப் போய்விடும், அதற்கு அபராதம் வேறு. பல கார் வாடகை நிறுவனங்கள் டெபிட் கார்டை வாங்கவே மறுப்பதும், வாங்கினாலும் கூடுதல் நிபந்தனை போடுவதும் இந்த முன்பணப் பிடித்தத்தை ஒட்டித்தான்.

திருட்டு நடந்தால்

சட்டம் இங்கே நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது, அதனால் உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்வது அவசியம். ஆனால் மூன்று நாடுகளின் விதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொதுவான போக்கு புரிந்துவிடும்.

அமெரிக்காவில் கிரெடிட் கார்டை வேறு யாரோ அனுமதியில்லாமல் பயன்படுத்தினால் கார்டு வைத்திருப்பவர் தலையில் விழக்கூடியது அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டுக்கு 1978இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, அதில் பொறுப்பு நீங்கள் எவ்வளவு சீக்கிரம் புகார் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகிறது. கார்டு தொலைந்தது தெரிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் சொன்னால் 50 டாலர், அதற்குப் பிறகு என்றால் 500 டாலர் வரை. ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டு 60 நாள் ஆகியும் வாய் திறக்காமல் இருந்தால், அதன் பிறகு நடக்கும் திருட்டுக்கு வரம்பே இல்லாமல் போகலாம். நடைமுறையில் கார்டு நெட்வொர்க்குகள் இதைவிடத் தாராளமாகப் பொறுப்பேற்கின்றன என்பது உண்மைதான், ஆனால் அது அவர்களே வகுத்துக்கொண்ட விதி.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதி இரண்டு கார்டுகளுக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டது. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, எங்கோ நடுவில் நடந்தது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. வங்கி பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை உங்கள் கணக்கில் திரும்ப வைக்க வேண்டும். பேப்பரில் இரண்டும் சமம். ஆனால் அந்தப் பத்து வேலை நாள் என்பது காலண்டரில் இரண்டு வாரம். கிரெடிட் கார்டுக்காரர் அந்த இரண்டு வாரமும் தகராறில் இருக்கும் ஒரு பில்லோடு இருப்பார். டெபிட் கார்டுக்காரர் காலியான கணக்கோடு இருப்பார். விதி ஒன்றுதான், வாழ்ந்து பார்ப்பது வேறு. அப்புறம், ஓடிபியை நீங்களே யாரிடமாவது சொல்லிக் கொடுத்துவிட்டால், நீங்கள் புகார் செய்யும்வரை போன பணத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. எந்தக் கார்டாக இருந்தாலும் அதில் மாற்றம் இல்லை.

பிரிட்டனில் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது, ஏனென்றால் அங்கே திருட்டைத் தாண்டியும் பாதுகாப்பு இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆவது பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒரு பொருளையோ சேவையையோ கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவர் ஏமாற்றினாலோ கடையை மூடிவிட்டுப் போனாலோ கார்டு கொடுத்த நிறுவனமும் அவருக்குச் சமமாகப் பொறுப்பு. விலையில் ஒரு சிறு பகுதியைத்தான் கார்டில் கட்டினீர்கள் என்றாலும் முழு விலைக்கும் அது பொருந்தும். டெபிட் கார்டுக்கு அப்படி ஒரு சட்டம் அங்கே இல்லை. சார்ஜ்பேக் உண்டு, ஆனால் அது கார்டு நெட்வொர்க்கின் விதி, சட்ட உரிமை இல்லை.

சார்ஜ்பேக் என்ற வார்த்தையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டிலிருந்தாலும், எந்தக் கார்டாக இருந்தாலும் இது ஓரளவு கிடைக்கும். பொருள் வரவில்லை, வந்தது வேறு, ரத்து செய்த பிறகும் பணம் எடுத்துவிட்டார்கள் என்பது போன்ற புகார்களில், உங்கள் வங்கி நெட்வொர்க் வழியாகக் கடையின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும். பல வகைப் புகார்களுக்குக் கெடு 120 நாள், சிலவற்றுக்குக் குறைவு. அதனால் "கடைக்காரர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்" என்று காத்திருந்து கெடுவை விட்டுவிடாதீர்கள். கடைக்காரரிடம் எழுத்தில் கேட்ட மின்னஞ்சலையும் அவர் பதிலையும் பத்திரப்படுத்துங்கள், வங்கி முதலில் கேட்பது அதைத்தான்.

டெபிட் கார்டுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அது உங்கள் சேமிப்புக் கணக்கின் சாவி. ஏடிஎம்மில் கார்டு செருகும் இடத்தில் ஒட்டுக் கருவி வைத்து விவரத்தையும், மேலே ஒரு சின்னக் கேமரா வைத்து பின் நம்பரையும் திருடும் கும்பல்கள் குறிவைப்பது அந்தச் சாவியைத்தான். எங்கெல்லாம் அந்தச் சாவியை நீட்டுகிறீர்களோ அங்கெல்லாம் ஒரு வாசல் திறக்கிறது. கைபேசியில் கார்டைச் சேர்த்துத் தொட்டுக் கட்டினால் கடைக்கு உங்கள் உண்மையான கார்டு எண் போகாது, அதற்குப் பதிலாக ஒரு மாற்று எண் போகும். டெபிட்டை விட மாட்டேன் என்பவர்கள் இதையாவது செய்யலாம்.

வட்டி: கிரெடிட் கார்டின் மறுபக்கம்

இதுவரை படித்தால் கிரெடிட் கார்டுக்கு நான் வக்காலத்து வாங்குவதாகத் தோன்றும். இனிமேல் சொல்வதையும் அதே கவனத்தோடு படியுங்கள், ஏனென்றால் பலருடைய மாதக் கணக்கு கவிழ்வது இங்கேதான்.

முதலில் நல்ல பக்கம். ஒரு பில் சுற்று 30 நாள், ஸ்டேட்மென்ட் போட்ட பிறகு கட்ட 20 நாள் அவகாசம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேட்மென்ட் போட்ட மறுநாள் வாங்கினால் ஏறக்குறைய 50 நாள் வட்டியில்லாமல் கிடைக்கும், ஸ்டேட்மென்ட்டுக்கு முந்தைய நாள் வாங்கினால் 20 நாள்தான். பெரிய செலவை எந்தத் தேதியில் செய்வது என்று யோசிப்பவர்களுக்கு இது போதும்.

ஆனால் இந்த வட்டியில்லாக் காலம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. ஸ்டேட்மென்ட்டில் உள்ள மொத்தத் தொகையையும் கடைசித் தேதிக்குள் கட்ட வேண்டும். மொத்தமும். கொஞ்சம் விட்டால் விட்டதற்கு மட்டும்தான் வட்டி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பல வங்கிகளின் கணக்கு அப்படி இல்லை. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். பில் 30,000. நீங்கள் கடைசித் தேதியில் 29,000 கட்டுகிறீர்கள், 1,000 அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறீர்கள். வட்டி மாதம் 3 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 36. வாங்கியதெல்லாம் சராசரியாக 40 நாளுக்கு முன்பு வாங்கியது. முழுப் பில்லுக்கும் வாங்கிய நாளிலிருந்து வட்டி போடும் வங்கியாக இருந்தால், 30,000க்கு 40 நாள் வட்டி 1,180க்கு மேல் வரும். நீங்கள் விட்டது 1,000, வட்டி அதைவிட அதிகம். இதோடு முடியவில்லை. பாக்கி இருக்கும்வரை அடுத்த மாதம் நீங்கள் புதிதாக வாங்கும் ஒவ்வொன்றுக்கும் வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், அந்த 20 நாள், 50 நாள் எல்லாம் கிடையாது.

வட்டி விகிதம் இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் என்பது சாதாரணம். அமெரிக்காவில் ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. எங்கே பார்த்தாலும் வீட்டுக் கடன், வாகனக் கடனைவிடப் பல மடங்கு.

அடுத்தது மினிமம் டியூ. பில்லில் பெரிய எழுத்தில் மொத்தத் தொகை, பக்கத்திலேயே ஒரு சின்னத் தொகை, இதைக் கட்டினால் போதும் என்கிற மாதிரி. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கடன் வரலாற்றில் தவறிய குறி விழாது, அவ்வளவே. வட்டி முழுசாக ஓடும். மாதம் 3 சதவீத வட்டி ஏற, நீங்கள் பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டிக்கொண்டே வந்தால், புதிதாக எதுவுமே வாங்காவிட்டாலும் கடன் பாதியாகக் குறைய 32 மாதம் ஆகும். முழுசாக இல்லை, பாதியாக. கால்குலேட்டரை எடுத்து ஒரு முறை நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு அந்தச் சின்னத் தொகைப் பக்கம் கண் போகாது.

இதற்கு ஒரே உருப்படியான காவல் ஆட்டோ பே, அதாவது பில் தொகை உங்கள் கணக்கிலிருந்து தானாகப் போகும் ஏற்பாடு. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: ஆட்டோ பே போடும்போது மொத்தத் தொகையா, மினிமம் டியூவா என்று கேட்கும். அவசரத்தில் மினிமத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எல்லாம் தானாகப் போகிறது என்று நிம்மதியாக இருந்தால் மாதக்கணக்கில் வட்டி கட்டுவீர்கள். இன்றைக்கே ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள். ஆட்டோ பே எந்தக் கணக்கிலிருந்து போகிறதோ அதில் கடைசித் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பணம் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது.

ரீஃபண்ட் விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. பில் வந்த பிறகு ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தீர்கள், கடைக்காரர் கார்டுக்கே பணத்தைத் திருப்பிவிட்டார், அதனால் பில்லில் அவ்வளவு குறைத்துக் கட்டினால் போதும் என்று தோன்றும். சில வங்கிகள் அந்த ரீஃபண்டைக் கட்டிய பணமாக எடுத்துக்கொள்வதில்லை, அடுத்த சுற்றில்தான் கணக்கில் சேர்க்கின்றன. பில்லில் இருப்பதை முழுசாகக் கட்டிவிடுவதே பாதுகாப்பு, மிச்சம் அடுத்த மாதம் கழிந்துகொள்ளும்.

டெபிட் கார்டில் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. பணம் இருந்தால் போகும், இல்லாவிட்டால் மறுக்கும். விதிவிலக்கு ஓவர்டிராஃப்ட். சில நாடுகளில் கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் வங்கி அனுமதித்துவிட்டு அதற்கு ஒரு கட்டணம் போடும். அமெரிக்காவில் 2010 முதல் டெபிட் கார்டுக்கு இதைச் செய்ய வாடிக்கையாளரின் சம்மதம் முன்கூட்டி வேண்டும். கணக்கு திறக்கும்போது நீட்டும் படிவத்தில் அந்தச் சம்மதம் இருக்கிறதா என்று பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பணம் இல்லாதபோது கார்டு மறுக்கப்படுவது ஒரு நல்ல விஷயம், கடையில் நாலு பேர் முன்னால் கூச்சமாக இருந்தாலும்.

கை நீளுவதைப் பற்றி

கிரெடிட் கார்டு வைத்திருந்தால் அதிகம் செலவழிப்போமா? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர்பெற்றது. டிக்கெட் கிடைக்காமல் விற்றுத் தீர்ந்த ஒரு விளையாட்டுப் போட்டியின் டிக்கெட்டை உண்மையான ஏலத்தில் விட்டார்கள். ஒரு பிரிவினரிடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றும், இன்னொரு பிரிவினரிடம் கிரெடிட் கார்டில் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். கார்டில் கட்டச் சொல்லப்பட்டவர்கள் ரொக்கக்காரர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை கேட்டார்கள்.

இதை வைத்து "பார்த்தீர்களா, டெபிட்தான் நல்லது" என்று முடிப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அந்த ஆய்வு கிரெடிட்டை ரொக்கத்தோடு ஒப்பிட்டது, டெபிட்டோடு இல்லை. டெபிட் கார்டைத் தேய்க்கும்போதும் நோட்டு எண்ணிக் கொடுக்கும் வலி இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது: டெபிட்டில் தேய்த்த அடுத்த நொடி கைபேசியில் மிச்ச இருப்பு குறைந்து வருகிறது. கிரெடிட்டில் மிச்ச லிமிட் வருகிறது, அது உங்கள் பணமே இல்லை, ஆனாலும் "இன்னும் 80,000 இருக்கிறது" என்று மனசு படித்துக்கொள்கிறது. இதைத் தடுக்க நான் செய்வதும், கேட்பவர்களுக்குச் சொல்வதும் இதுதான்: வங்கி கொடுத்த லிமிட்டை மறந்துவிட்டு, செயலிக்குள் போய் மாதச் செலவுக்கு நீங்களே ஒரு வரம்பு போடுங்கள். அதோடு மாதக் கடைசிவரை காத்திருக்காமல் வாரம் ஒரு முறை அதுவரை ஆன தொகையைக் கட்டிவிடுங்கள். அப்படிச் செய்தால் கிரெடிட் கார்டு டெபிட் மாதிரியே நடந்துகொள்ளும், பாதுகாப்பு மட்டும் கிரெடிட்டுடையது.

வருமானம் மாதா மாதம் ஏறி இறங்குபவர்கள், ஏற்கெனவே ஒரு கார்டில் பாக்கி ஓடிக்கொண்டிருப்பவர்கள், மனம் சரியில்லாத நாளில் வாங்கித் தள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வாராந்திர ஒழுங்கை நம்பி இறங்க வேண்டாம். இது குணத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை. உங்களுக்குப் பொருந்தாத கருவி இது, வேறொன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

கேஷ்பேக், பாயின்ட்

சுருக்கமாக முடித்துவிடலாம். நீங்கள் கார்டில் கட்டும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் ஒரு கட்டணம் இழக்கிறார், அதில் ஒரு பகுதி இன்டர்சேஞ்ச் என்ற பெயரில் உங்கள் கார்டைக் கொடுத்த வங்கிக்குப் போகிறது. உங்களுக்கு வரும் கேஷ்பேக் பெரும்பாலும் அதிலிருந்து பிய்த்துக் கொடுப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இந்த இன்டர்சேஞ்சை டெபிட்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட்டுக்கு 0.3 சதவீதம் என்று கட்டிப்போட்டது. அங்கே கேஷ்பேக் மெலிந்து கிடப்பதில் ஆச்சரியம் இல்லை. கட்டணம் அதிகமாக உள்ள நாடுகளில் கேஷ்பேக்கும் கொழுத்திருக்கும், விலையிலும் அது எங்கோ ஒளிந்திருக்கும்.

மாதம் 30,000 செலவு, ஒரு சதவீத கேஷ்பேக் என்றால் மாதம் 300, ஆண்டுக்கு 3,600. மேலே போட்ட கணக்கில் ஒரு முறை வழுக்கியதற்கு வட்டி 1,180க்கு மேல். ஆண்டில் மூன்று முறை அப்படி நடந்தால் அந்த வருட கேஷ்பேக் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டானால் இன்னும் சீக்கிரம்.

டெபிட்டில் பல இடங்களில் கடைக்காரருக்குப் போகும் கட்டணம் குறைவு. அதனால் சிறிய கடைகளில், பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு போகும் இடத்தில், நான் டெபிட்டைத்தான் நீட்டுவேன். அங்கே தகராறு வர வாய்ப்பும் குறைவு, அவருக்கும் நாலு காசு மிச்சம்.

ரொக்கம், வெளிநாடு, கடன் வரலாறு

ஏடிஎம்மில் பணம் எடுப்பது டெபிட்டின் வேலை, அதில் போட்டியே இல்லை. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுப்பதற்கே ஒரு கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி, வட்டியில்லாக் காலம் என்ற பேச்சே இல்லை. வேறு வழியே இல்லாத அவசரத்தில் மட்டும், அதையும் மறுநாளே கட்டிவிடுவதாக இருந்தால்.

வெளிநாட்டுப் பயணத்தில் இரண்டு கார்டும் நாணய மாற்றுக் கட்டணம் எடுக்கும், எவ்வளவு என்பது கார்டைப் பொறுத்தது, கிளம்பும் முன் பார்க்க வேண்டியது அதைத்தான். அங்கே மெஷின் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று அன்பாகக் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த நாட்டுப் பணத்திலேயே கட்டினால் மாற்று விகிதத்தை உங்கள் கார்டு நெட்வொர்க் முடிவு செய்யும், இல்லாவிட்டால் மெஷின்காரர் தன் விகிதத்தைப் போட்டுக்கொள்வார்.

கடன் வரலாறு கிரெடிட்டுக்குச் சாதகம். டெபிட் கார்டில் எவ்வளவு ஒழுங்காகச் செலவு செய்தாலும் அது பொதுவாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போவதில்லை, ஏனென்றால் அது கடனே இல்லை. கிரெடிட் கார்டில் தவறாமல் கட்டுவது போய்ப் பதிவாகும். கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவீர்களா என்று கணிக்க அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ ஸ்கோர் என்ற மதிப்பெண்ணில் ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீத எடை, எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்பதற்கு 30 சதவீதம். லிமிட்டில் முப்பது சதவீதத்துக்குள் செலவை வைத்துக்கொள்வது நல்லது என்ற வழக்கமான அறிவுரை இந்த இரண்டாவது பங்கிலிருந்து வருகிறது. நாளைக்கு வீட்டுக் கடன் வாங்க நினைப்பவர்கள் இதற்காகவே ஒரு கார்டு வைத்துக்கொண்டு, மாதம் ஒரு மின்கட்டணத்தை மட்டும் அதில் கட்டி வந்தாலும் போதும். பாக்கி வைத்தால்தான் ஸ்கோர் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது சுத்தப் பொய்.

நடுவழி

சரி, கிரெடிட் கார்டு வேண்டாம், ஆனால் மேலே சொன்ன திருட்டு, பிடித்தம் எல்லாம் பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு: இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளமும் சேமிப்பும் வரும் கணக்கின் டெபிட் கார்டை வீட்டில் பூட்டி வைத்துவிடுங்கள், முடிந்தால் செயலியில் அணைத்தும் விடுங்கள். இரண்டாவது கணக்கு செலவுக்கு மட்டும். வாரம் ஒரு முறை அந்த வாரச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போடுங்கள், அதன் டெபிட் கார்டுதான் உங்கள் பையில் இருக்க வேண்டியது. யார் திருடினாலும், எந்த ஓட்டல் எவ்வளவு பிடித்து வைத்தாலும், அந்த வாரப் பணத்தோடு நின்றுவிடும். தவணையும் வாடகையும் முதல் கணக்கிலிருந்து போகும், அவற்றுக்கு ஆபத்தில்லை. குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்காகப் பார்த்துத் திறந்தால் கூடுதல் செலவும் இல்லை. டெபிட் கார்டின் பலவீனத்தில் பெரும்பகுதி இதில் அடங்கிவிடுகிறது. எவ்வளவோ பேர் இதைச் செய்யாமல் மொத்தச் சேமிப்பின் கார்டைப் பர்சில் வைத்துக்கொண்டு அலைவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பதற்றமாக இருக்கிறது.

கிரெடிட் கார்டு இருந்தும் தினச் செலவுக்கு அதை நம்பாதவர்கள், அதைச் சில காரியங்களுக்கு மட்டும் ஒதுக்கலாம்: இணையத்தில் புதிய கடையில் வாங்குவது, மாதங்கள் கழித்து வரப்போகும் பயணத்துக்கோ சேவைக்கோ இன்றே முன்பணம் கட்டுவது, ஓட்டல், வாடகைக் கார், இலவசமாக ஒரு மாதம் தந்து பிறகு தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்கள். இவை எல்லாவற்றிலும் பணம் முதலில் போகிறது, பொருளோ சேவையோ பிறகு வருகிறது. இடைவெளி நீள நீள வங்கியின் பணம் நடுவில் நிற்பது உங்களுக்கு நல்லது. மற்றதற்கு டெபிட்.

ஏற்கெனவே கிரெடிட் கார்டில் பாக்கி ஓடுகிறவர்கள் மேலே சொன்ன எதையும் யோசிக்கும் முன் அந்தக் கார்டில் வாங்குவதை இன்றோடு நிறுத்த வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு இப்போது வட்டியில்லாக் காலமே கிடையாது, காலையில் வாங்குவதற்குக் காலையிலேயே வட்டி. தினச் செலவை முழுக்க டெபிட்டுக்கு மாற்றுங்கள். பாக்கியை, மினிமம் டியூவை மறந்துவிட்டு, கையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கட்டிக்கொண்டே வாருங்கள். வங்கியிடம் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள், தனிநபர் கடனின் வட்டி கார்டு வட்டியைவிடக் குறைவாக இருந்தால் அதை வாங்கி இதை அடைப்பதும் சரியான கணக்குதான், கார்டை மறுபடி நிரப்பாமல் இருந்தால். முழுப் பில்லையும் அடைத்த அடுத்த மாதம் ஸ்டேட்மென்ட்டில் ஒரு சிறு வட்டித் தொகை வந்து நிற்கலாம். அது தவறு இல்லை, ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி. அதையும் கட்டிவிடுங்கள், கட்டாமல் விட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒன்றிரண்டு சுற்று இப்படி முழுசாகக் கட்டியதும் வட்டியில்லாக் காலம் திரும்பி வரும், எத்தனை சுற்று என்பது வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அந்தக் கார்டைக் கையில் எடுத்தால் போதும்.